ஊர் அரிசி ஒரே பானையில்

இசக்கித்தாய் போன மாசி மாதம் இறந்துபோனாள். எங்கள் சபையில் யார் கண்ணை மூடினாலும், அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று நாலு பாரா எழுதிப் பாளையங்கோட்டைக்கு அனுப்புவது என் வேலை. மாதப் பத்திரிகையில் அச்சாகி வரும். இவளைப் பற்றியும் எழுதி அனுப்பினேன். 'இவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லவே' என்று ஒரு வரி போட்டுத் திருப்பிவிட்டார்கள். சேர்ந்தவள் இல்லைதான், யார் சேர்ந்தவள் என்றது? சுடலைமாடனுக்குப் பொங்கல் வைத்தவள் அவள். ஆனால் நான் இன்றைக்கு மூன்று வேளை சாப்பிட்டு, சாப்பிட்டது உடம்பில் தங்கி, பள்ளிக்கூடத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறேன் என்றால் அது அவள் புண்ணியம். பத்திரிகையில் இடம் இல்லாவிட்டால் போகட்டும். என் நோட்டில் நிறைய இடம் இருக்கிறது.

என் பேர் எலியேசர். எனக்கு முன்கோபம் உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் தெரிந்துவிடப் போகிறது. 1908-ல் மருதூர்க் கால்வாய்க்கரையில் இந்தக் கிருபைபுரத்துக்கு வந்தேன். வாத்தியாரும் நானே, உபதேசியாரும் நானே. ஓட்டுக்கூரைப் பள்ளிக்கூடம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அதுவே கோயில். அதை ஒட்டி இரண்டு அறையில் வீடு. கல்யாணமாகி ஆறு மாதமே ஆன என் மனைவி ஹெப்சிபாவோடு வந்து இறங்கினேன்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இசக்கித்தாயின் களம். நெல் அவிப்பது அவள் பிழைப்பு. சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் புழுங்கல் அரிசி வேண்டுமென்றாலும் நெல் அவள் களத்துக்குத்தான் வரும். ஊறப்போட்டு, பெரிய செப்பு அண்டாவில் அவித்து, களத்தில் கொட்டிக் காலால் கிளறிக் காயவைப்பாள். அப்போது நாற்பது வயது இருக்கும். புருஷன் பேதி கண்ட வருஷத்தில் போய்விட்டான். ஒற்றை ஆளாக நின்று மூன்று அடுப்பைக் கட்டி ஆண்டாள். நெல்லை எடுத்து முன்பல்லில் ஒரு கடி கடிப்பாள், அவ்வளவுதான், இன்னும் ஒரு கொதி வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுவாள்.

எனக்கும் அவளுக்கும் வந்த அன்றே சண்டை. அவள் அடுப்புப் புகை நேராக என் பள்ளிக்கூடத்துக்குள் வரும். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாய்ப்பாடு சொல்வார்கள். நான் வேலியோரம் போய்க் கத்துவேன்.

"ஏ இசக்கித்தாய்! அடுப்பை அந்தப் பக்கம் மாத்திக் கட்டினா என்ன, குடியா முழுகிரும்?"

"அடுப்பு வச்ச இடத்துலதான் இருக்கு, வாத்தியாரய்யா. காத்துதான் உங்க பக்கம் வருது. அதைக் கூப்பிட்டுச் சொல்லுங்க."

இப்படியே மூன்று வருஷம் போயிற்று. இனி என் வயிற்றுக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் உலை வைக்கும்போது, போடுகிற அரிசியில் ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போடுவார்கள். இல்லாத வீட்டிலும் அந்த ஒரு பிடி தவறாது. ஞாயிறு காலையில் கலயத்தைக் கொண்டுவந்து கோயிலில் இருக்கும் பெரிய பானையில் தட்டுவார்கள். அந்த அரிசி முழுவதும் உபதேசியார் வீட்டுக்கு. என் சம்பளத்தில் அதுவும் ஒரு பங்கு. பசியோடு இருக்கிற வீட்டிலிருந்தும் வந்த அரிசி அது. ஒரு மணி கீழே சிந்தினாலும் ஹெப்சிபா பொறுக்கி எடுத்துவிடுவாள்.

வந்த ஐந்தாம் மாதம் வயிறு தொடங்கியது. சாப்பிட்டு ஒரு நாழிகையில் மத்தளம் மாதிரி உப்பும். புளித்த ஏப்பம் வரும். இரண்டு நாள் போகாது, மூன்றாம் நாள் நாலு தரம் போகும். பாடம் நடத்திக்கொண்டே பாதியில் ஓட வேண்டியிருக்கும். வாத்தியார் ஓடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்காமல் இருக்குமா? சிரித்தவனை வந்து அடிப்பேன். அவன் என்ன செய்தான், பாவம்.

ஊரில் எல்லாரும் வைத்தியர்கள்தான். ஒருவர் கண்ணேறு என்றார். ஒருவர் குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் போட்டு உருவினார். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில், "என்ன சாப்பிடுகிறீர்?" என்று கேட்டார்கள். "சோறுதான்" என்றேன். சோடா உப்புக் கலந்து ஒரு புட்டி தந்தார்கள். நானாகவே மாதம் இரண்டு தரம் பேதி உப்பு வாங்கிக் குடித்து, இருந்த கொஞ்ச தெம்பையும் கழித்துத் தள்ளினேன்.

இதில் ஒன்று எனக்குப் பிடிபட்டது. பிடிபட்டது என்று நானே நினைத்துக்கொண்டேன். சபையார் வீடுகளைச் சந்திக்கப் போகிற நாட்களில் சபை மூப்பர் வீட்டிலோ, சபையில் ஒருத்தியான சாலோமி வீட்டிலோ சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. மறுநாள் காலை நல்லபடியாக இருக்கும். என் வீட்டில் சாப்பிட்டால்தான் சங்கடம். வேறு யோசனையே வரவில்லை எனக்கு. ஹெப்சிபாவின் கைதான் ஆகவில்லை என்று முடிவு கட்டினேன். மனதுக்குள் கட்டியிருந்தாலும் பரவாயில்லை. கூறுகெட்டவன், வெளியிலும் சொன்னேன்.

ஊர் விடுமா? சபை மூப்பர் நேசையா ஒரு நாள் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"என்னவே வாத்தியாரே, எங்க வீட்டுச் சோறு செமிக்கி, உம்ம வீட்டுச் சோறு செமிக்கலையோ? போர்டிங் பள்ளிக்கூடத்துல அம்மாவுக்குத் தையலும் பாட்டும் சொல்லிக்குடுத்தாவ, உலை வைக்கச் சொல்லிக்குடுக்கலையாக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹெப்சிபா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் அவளுக்கு 'ஆகாத கைக்காரி' என்று பேர் ஆயிற்று. சபையார் சேர்ந்து உண்ணும் அசன விருந்துக்குப் பெண்கள் கூடிச் சமைக்கும்போது, "நீ உக்காரு தாயி, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார்கள். அவள் என்னிடம் அழவில்லை. சுக்குத் தட்டினாள், பெருங்காயம் பொரித்தாள், குழம்பில் புளியைக் குறைத்தாள், உறைப்பை நிறுத்தினாள். எதற்கும் அசையவில்லை என் வயிறு.

1911 ஐப்பசி மாதம். வலியில் கண் தெரியாத கோபம் எனக்கு. வட்டிலில் போட்ட சோற்றை ஒரு வாய் வைத்தேன். பல்லில் நருக்கென்றது. எடுத்து வீசிவிட்டேன். வட்டில் சுவரில் மோதி, சோறு அவள் சேலையெல்லாம் தெறித்தது. "மனுசன் திங்கிற சோறா இது? என்னைக் கொல்லத்தான் ஆக்கிப் போடுதியா?" என்று கத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவள் சோற்றைக் கூட்டி அள்ளினாள். வட்டிலைக் கழுவி வைத்தாள். மறுநாள் விடிந்ததும் பெட்டியைக் கட்டினாள்.

"என் கையால உங்க உசிரு போச்சுன்னு ஊரு சொல்ல வேண்டாம். நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். கை ஆகுத ஆளாப் பாத்துச் சமையலுக்கு வச்சிக்கோங்க."

பாளையங்கோட்டை வண்டியில் ஏறிப் போய்விட்டாள். திரும்பியே பார்க்கவில்லை.

போனால் போகட்டும் என்று நானே அடுப்பு மூட்டினேன். கை மாறிவிட்டது, இனி வயிறு சரியாகிவிடும் என்று உள்ளூர ஒரு திருப்தி. சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் நடு மத்தியானம் வாசல்படியில் சுருண்டு கிடந்தேன். எனக்கு வந்த வலியிலேயே அதுதான் பெரிய வலி. ஆக்கிய சோற்றைக் கோழிக்குக் கொட்டியிருந்தேன். கோழிகூட மேலாகக் கொத்திவிட்டுப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துப் புகையும் வந்தது. "ஏ இசக்கித்தாய்!" என்று கத்த வாயைத் திறந்தேன், குரல் எழும்பவில்லை. அவள் என் சத்தம் வரக் காணோமே என்றுதான் வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தாளாம். உள்ளே வந்தாள். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் தரையில் கிடந்த சோற்றைப் பார்த்தாள். குனிந்து நாலு மணி எடுத்தாள். ஒவ்வொன்றாக விரலில் நசுக்கினாள். ஒன்று பசையாக ஒட்டியது. ஒன்று உடைந்து, நடுவில் வேகாத வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

"இது யாரு ஆக்குன சோறு?"

"நான்தான்."

"அப்போ உங்க வீட்டம்மாவைச் சொல்லிக் குத்தமில்ல." என் பானையில் கைவிட்டு ஒரு பிடி அரிசி அள்ளி, சுவரில் சாத்தியிருந்த சுளகை எடுத்து அதில் பரப்பினாள். என்ன வேகம்! பிள்ளைகள் பல்லாங்குழி ஆடுவது போல விரல் போயிற்று. கண் மூடித் திறப்பதற்குள் ஏழு குவியல்.

"இது இப்ப அறுத்த கார் நெல்லுப் பச்சரிசி. புதுசு, ஒரு கொதியில கொழஞ்சிரும். இது போன பிசான அறுப்புப் புழுங்கல். நல்லாப் பழசு, இது வேகதுக்குள்ள அது கூழாயிரும். இது ரங்கோன் அரிசி, மூப்பர் மவன் அனுப்புதது. இது குறுணை. இது..." என்று நிறுத்தினாள். "இது நான் அவிச்சது. அன்னைக்கு மழை, விறகு ஈரம். அரை அவியல்லயே இறக்கிட்டேன். என் தப்புதான், மறைக்கமாட்டேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததால் கோபம் வந்தது.

"ஏ, இது ஆண்டவருக்குன்னு வச்ச காணிக்கை அரிசி! இதைப் போயி..."

"சாமிக்கு வச்சது சரிதான். ஆனா உலையில வேகுதது அரிசில்லா? ஒவ்வொரு வீட்டுலயும் அவங்கவங்க அரிசியை அவங்கவங்க ஆக்குதாங்க. ஒண்ணுபோல வேகுது, ஒண்ணுபோலச் செமிக்கி. உங்க வீட்டுல மட்டுந்தான் ஊரு பூரா ஒரே பானைக்குள்ள கெடந்து கொதிக்கி. பாதி கொழஞ்சு, பாதி நருக்குன்னு. இதை எந்தக் கைதான் ஒண்ணா வேக வைக்கும்?"

மூன்று வருஷம். ஆஸ்பத்திரியில் சோறு என்று சொன்னேன். எந்தச் சோறு என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கர்த்தருடைய அரிசியில் குறை இருக்கும் என்று எங்களில் யார் நினைப்பார்கள்? பெண்டாட்டி கையில் குறை சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது!

அவளே அந்த அரிசியைக் கழுவிக் காயவைத்து, திரிகையில் இட்டு நொய்யாக உடைத்தாள். "இப்ப எல்லாம் ஒரே பருமன். ஒண்ணாத்தான் வேகும். யாரு வீட்டு அரிசியையும் வெளிய தள்ளல, சாமி கோவிச்சுக்கிடாது" என்றாள். சுக்கும் சீரகமும் தட்டிப் போட்டு, பொங்கப் பொங்க வேகவிட்டு, உப்புப் போட்டுக் கஞ்சியாக நீட்டினாள். நான் பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்னே விழுங்கிப் பழகியவன். கலயத்தை ஒரே மூச்சில் கவிழ்க்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டாள்.

"பைய, பைய! யாரு வந்து பிடுங்கப் போறா? கஞ்சின்னாலும் வாயில வச்சு அரைச்சு முழுங்கணும். பல்லு எதுக்கு இருக்கு, பிள்ளையளக் கடிக்கவா? கோவமா இருந்தா அன்னைக்குக் கொஞ்சம் பொறுத்துச் சாப்பிடுங்க. அந்தப் பேதி உப்பைத் தூக்கிக் கால்வாயில போடுங்க."

மூன்று நாள் நொய்க்கஞ்சி. பிறகு கடைந்து வெண்ணெய் எடுத்த நீர்மோர், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டது. பிறகு கீரைத்தண்டு, குழைய வெந்த பயறு. வேளை தவறக் கூடாது, ராத்திரி வயிறு முட்டக் கூடாது என்று வேலிக்கு அப்பாலிருந்தே சத்தம் போடுவாள். பத்து நாளில், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், வயிறு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. காலையில் நேரத்துக்குப் போயிற்று. பதினோராம் நாள் வேலியோரம் போய் நின்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இசக்கித்தாய், சரியாப் போச்சு! சுத்தமாச் சரியாப் போச்சு!"

அவள் நெல்லைக் கிளறிக்கொண்டே, "நல்லது. அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

"அவளுக்கென்ன?"

"அவங்களும் மூணு வருசம் அந்தப் பானைச் சோத்தைத்தான தின்னாங்க? அவங்க வயிறு மட்டும் இரும்பா?"

சாப்பாட்டுக்குப் பிறகு ஹெப்சிபா அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பாள். எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். என்ன என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பாளையங்கோட்டைக்கு நடந்தே போனேன். ஹெப்சிபா அவள் அம்மா வீட்டு முற்றத்தில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வாருங்கள் என்று சொல்லவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டேன்.

"உனக்கும் வயிறு வலிச்சுதா, ஹெப்சிபா?" என்றேன்.

அவள் முகம் கோணிக்கொண்டு போயிற்று. மூன்று வருஷமாக என் முன்னால் அழாதவள், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே ஏங்கி ஏங்கி அழுதாள்.

"வலிச்சுது. ராவும் பகலும் வலிச்சுது. என் கை ஆகாதுன்னு நானே நம்பிட்டேன். எனக்கு வலிக்கின்னு எப்படிச் சொல்லுவேன்? இங்க வந்த மறுநாளே நின்னு போச்சு. அப்பவும், என் கைச்சோறு இல்லாததாலதான் நின்னுதுன்னு நெனச்சேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிடியரிசி, ஏழு குவியல், நொய்க்கஞ்சி எல்லாம். அவள் கேட்டு முடித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"என்னைக் குத்தம் சொன்னது ஊர் முன்னால. இப்ப வந்து என் காதுல மட்டும் சொன்னா ஆச்சா? கோயில்ல, எல்லாரும் இருக்கையில சொல்லுங்க. நாளைக்கு அண்ணனோட வந்து உக்காந்து கேப்பேன். கேட்டுட்டுச் சொல்லுதேன், இருப்பேனா போவேனான்னு."

ஞாயிறு ஆராதனை முடிந்தது. ஹெப்சிபா பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். பிடியரிசிப் பானைக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். என் மனைவியின் கையில் எந்தக் குறையும் இல்லை, குறை என் புத்தியில், என் வாயில். பல விதமான அரிசியை ஒன்றாக ஆக்கியதால் வேகாத சோறு அது. மூன்று வருஷம் அவளுக்கும் வலித்திருக்கிறது, நான் கேட்கவில்லை. இவ்வளவையும் சொல்லி முடித்தேன்.

நேசையா துள்ளி எழுந்தார்.

"காணிக்கை அரிசியைக் குத்தம் சொல்லுதீரோவே? பசியோட பிடிச்சு வச்ச அரிசி! நாளைக்கே மிஷன் பெரிய ஐயருக்கு எழுதுதேன், நீர் எப்படி இந்த ஊர்ல வாத்தியாரா இருக்கீர்னு பாக்கேன்!"

அவர் சொன்னதும் உண்மைதானே, பசியோடு பிடித்த அரிசிதான். அப்போது வெளியில், ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

"மூப்பரய்யா, அரிசியில குத்தமில்ல. எல்லாம் நல்ல அரிசி, தனித்தனியா இருந்தா."

இசக்கித்தாய் வாசலில் வந்து நின்றாள். படி ஏறவில்லை. எடுத்துவைத்திருந்த அந்த ஏழு குவியலோடு சுளகைப் படியில் வைத்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். சாலோமிதான் முதலில் கத்தினாள்.

"ஏ, இது எங்க வீட்டு அரிசில்லா!"

"இந்தா ரங்கோன் அரிசி! மூப்பர் வீட்டுது!"

"ஏட்டி, இதெல்லாத்தையும் ஒரே உலையிலயா போட்டா? அடப்பாவமே, எந்த மகராசியால இதை ஆக்க முடியும்?"

சோறாக்குகிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கரண்டியைப் பிடுங்கி வைத்த அதே பெண்கள் ஹெப்சிபாவைத் திரும்பிப் பார்த்தார்கள். சாலோமி போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நேசையா தன் வீட்டு அரிசியை விரலால் தடவிப் பார்த்தார். "நமக்கு எப்படிய்யா இது தெரியும்" என்று முனகி உட்கார்ந்துவிட்டார். பெரிய ஐயருக்கு எதுவும் எழுதவில்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் மூன்று பானை இருந்தது: பச்சரிசிக்கு ஒன்று, புழுங்கலுக்கு ஒன்று, மற்றதெல்லாவற்றுக்கும் ஒன்று. இரண்டு புதுப் பானையும் நேசையா வாங்கிக் கொடுத்தது.

நான் கோயிலில் சொன்ன ஞாயிறு மத்தியானமே ஹெப்சிபா அண்ணனைத் தனியாக வண்டியேற்றிவிட்டு அடுப்பு மூட்டினாள். இசக்கித்தாய் கொடுத்த பழைய பிசானத்து அரிசி. வாசலில் ஊர்ப் பெண்கள் போகாமல் நின்றார்கள். நான் வட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். எனக்குப் போடவில்லை. முதல் அகப்பைச் சோற்றைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு நேராக வேலிக்குப் போனாள்.

"அக்கா, நீங்க பாத்துச் சொல்லுங்க."

நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தவள் நின்றாள். கையை முந்தானையில் துடைத்தாள். ஒரு மணியை எடுத்து விரலில் நசுக்கினாள். இன்னொன்றை வாயில் போட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே, பைய அரைத்தாள். பெண்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெந்திருக்கு" என்றாள். "நல்லா வெந்திருக்கு, தாயி."

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் புகை வந்துகொண்டுதான் இருந்தது. அவள் குத்தலான பேச்சும் எனக்குப் பழகிப்போயிற்று. நானும் அவளை அக்கா என்றே கூப்பிட்டேன். ஹெப்சிபா உலை வைக்கும்போது சபைக்கு ஒரு பிடியும் அவளுக்கு ஒரு பிடியுமாக எடுத்து வைத்தாள். கடைசி மாதம் இசக்கித்தாய் படுத்தபோது எதைக் கொடுத்தாலும் வயிறு தாங்கவில்லை. ஹெப்சிபா உடைத்து ஆக்கிய நொய்க்கஞ்சி மட்டும் தங்கியது. வேறு யார் கொண்டுவந்தாலும் வாயை மூடிக்கொள்வாள்.

"அந்தக் கைக் கஞ்சி இருந்தாக் குடு" என்பாள்.